வீட்டை இழுக்க ஒரு வண்டி

1

சென்ற சனிக்கிழமை காலை என் கணவர் வில்சன் எங்கள் வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பதிவுச் சீட்டைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார். இங்கே வருடத்துக்கு ஒரு முறை பழையதைப் பிய்த்துவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டும். பழையது ஒரேயடியாக வராது. நகத்தளவு துண்டுகளாகத்தான் வரும். பாதி சுரண்டியதும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு வருசம் ஆச்சு பிள்ளே. உனக்கு ஓர்மை உண்டா?"

எனக்கு நினைவில்லை. அந்த வண்டியை வாங்குவதற்கு முன் நாங்கள் போட்ட சண்டைகள் மட்டும் நன்றாக நினைவிருந்தன.

ஊரிலிருந்து யார் அழைத்தாலும் முதல் கேள்வி அங்கே இப்போது மணி என்ன என்பது. இரண்டாவது கேள்வி வீடு வாங்கியாச்சா என்பது. வாங்கிவிட்டோம் என்றால் எத்தனை அறை, எத்தனை சென்ட் என்று அடுத்தது வரும். அறை ஒன்றரை, நிலம் இல்லை, அடியில் சக்கரம் இருக்கிறது என்று நான் சொன்னதும் அந்தப் பக்கத்தில் பேச்சு நின்றுவிடும். அப்படி நின்றுபோனவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன்.

நான் பிரசவ வார்டு நர்ஸ். கேரளத்தின் தென்கோடியில், பாறசாலை ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் மலையாளம், சபையில் தமிழ், வீட்டில் இரண்டும் கலந்து. வில்சன் பக்கத்திலிருக்கும் செங்கல் என்ற ஊர்க்காரர். நான் படித்த நர்சிங் கல்லூரியின் பஸ்ஸை ஓட்டியவர். டெக்சாஸில் ஒரு சிறிய ஊரில் ஒன்பது வருடம் குடியிருந்தோம். இந்தக் கதை நடக்கும்போது மகள் ஜோஷ்னாவுக்குப் பதினான்கு வயது, மகன் அபினுக்கு ஏழு.

2

நான் வேலை செய்த ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடினார்கள். சின்ன ஊர்களில் இங்கே இது அடிக்கடி நடக்கிறது. வேறு வார்டுக்கு வா என்றார்கள். பதினாறு வருடம் பிள்ளை எடுத்த கை வேறு எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் ஒப்பந்த நர்ஸாகப் பதிவு செய்தேன். எந்த ஊரில் ஆள் குறைவோ அங்கே பதின்மூன்று வாரம் வேலை. பிறகு வேறு ஊர்.

முதல் ஒப்பந்தம் வீட்டிலிருந்து ஒன்றரை நாள் பயணத் தூரத்தில். நான் தனியாகப் போனேன். ஒரு வாடகை அறை, ஒரு கெட்டில், தினமும் வீடியோ அழைப்பு. வில்சன் ஒரு கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் நன்றாகவே நடந்தது.

பதின்மூன்று வாரம் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை சாயா போடப் போனேன். தேயிலை டப்பா இருந்த இடத்தில் இல்லை. அலமாரிகளைத் திறந்து தேடிக்கொண்டிருந்தபோது அபின் வந்தான்.

"அம்மா, தேயிலை இப்போ இங்கே இருக்கு," என்று ஒரு கதவைத் திறந்து காட்டினான். "ஸ்பூன் இதுக்குள்ளே. கப் மேலே இருக்கு. எட்டலைன்னா அப்பாவைக் கூப்பிடுங்க."

வீட்டுக்கு வரும் விருந்தாளியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று நாங்கள் சொல்லிக்கொடுத்திருந்தோமோ அப்படியே பேசினான். பிழையில்லாத மரியாதை. நான் நன்றி சொன்னேன். அவன் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றிருந்தேன்.

வில்சன் அதைப் பார்த்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து ஒரு படத்தை நீட்டினார். கிடங்கில் கூட வேலை செய்தவர் மூலம் தெரிய வந்த எர்ல் என்பவரும் அவர் மனைவியும் தங்கள் டிரெய்லர் வீட்டை விற்கப் போகிறார்கள். முப்பத்தாறு அடி நீளம். அடுப்பு உண்டு, குளியலறை உண்டு, பிள்ளைகளுக்கு மேலும் கீழுமாக இரண்டு கட்டில் உண்டு.

"நீ எங்க போறியோ வீடும் அங்க வரட்டு," என்றார். "இந்தக் கோடைக்கு ஒரு தடவ பாப்போம். ஒத்துவரேல்லன்னா வித்துருவோம்."

ஜோஷ்னா தலையிலிருந்த ஹெட்போனைக் கழற்றாமலே ஆங்கிலத்தில் சொன்னாள்: "நான் வரமாட்டேன். சிநேகிதி வீட்டில் இருந்துகொள்கிறேன். நீங்கள் மூன்று பேரும் போய் வாருங்கள்."

கோடைக்கு மட்டும், அதன் பிறகு உன் இஷ்டம் என்று பேசிப் பேசி ஒப்புக்கொள்ள வைத்தோம். அவள் 'அதன் பிறகு' என்பதைத் தன் செல்போன் காலண்டரில் குறித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

3

டிரெய்லரைப் பேசி முடித்த பிறகுதான் அதை இழுக்க எங்களிடம் ஒன்றுமில்லை என்பது உறைத்தது. வண்டியை வாங்கிவிட்டு அது இழுக்கிற வீட்டைத் தேட வேண்டும். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். எர்ல் ஒரு மாதம் காத்திருப்பதாகச் சொன்னார்.

இங்கே பிக்கப் என்பது நம் ஊரில் வாழைக்குலை ஏற்றி வரும் வண்டி இல்லை. முன்பக்கம் கார் போல ஐந்து பேர் உட்காரலாம், பின்பக்கம் திறந்த பெட்டி, ஏறுவதற்கே ஒரு படி. எங்கள் டிரெய்லர் காரின் வாலில் மாட்டும் வகையும் இல்லை. அதன் முன்பகுதி பிக்கப்பின் பெட்டிக்குள் வந்து, பின்சக்கரங்களுக்கு நேர் மேலே ஏறி உட்காரும். இதற்கு ஐந்தாம் சக்கரம் என்று பெயர். பாறசாலையில் டிப்பர் லாரி வைத்திருக்கும் என் அண்ணன் ராபினிடம் வீடியோவில் இதைச் சொன்னபோது அவர் வில்சனைத்தான் கேட்டார்.

"எலே வில்சா, நாலு சக்கரம் செரி. அஞ்சாமத்தது எங்க இருக்கு?"

"அது ஒரு பேராக்கும் அண்ணா. சக்கரம் இல்ல."

"எடை எத்ற வரும்?"

"பதினாலாயிரம் பவுண்டு."

அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். "பதினாலாயிரம் பவனா! எந்தம்மோ!"

தங்கம் இல்லை, எடை, ஆறு டன்னுக்குக் கொஞ்சம் மேலே என்று நான் விளக்கினேன். அவர் மறுபடி உட்கார்ந்து யோசித்தார். "அதுக்கு எதுக்கு மக்கா இவ்வளவு ஆலோசன? ஒரு டிராக்டர் வாங்கினாப் போராதா?"

வில்சன் தேடித் தேடி ஒரு வண்டியைப் பிடித்துவைத்திருந்தார். டீசல், கருநீலம், உள்ளே தோல் இருக்கை. கடையில் போய் இறங்கியதும் விற்பனையாளர் ஓடி வந்து வில்சனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அதன் பிறகு ஒரு மணி நேரம் அவர் என் பக்கம் திரும்பவில்லை.

வில்சன் வண்டியைச் சுற்றி வந்தார். டயரைத் தட்டினார், குனிந்து அடியில் பார்த்தார், நிமிர்ந்து கேட்டார்: "ஸ்டெப்னி எங்கே?"

விற்பனையாளரின் முகம் மலர்ந்தது. "ஸ்டெபனியா? உள்ளே இருக்கிறாள். கூப்பிடுகிறேன்."

நான் தடுப்பதற்குள் போய்விட்டார். கடனுக்கான காகிதங்களைப் பார்க்கும் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே வந்து, என்ன உதவி வேண்டும் என்று கேட்டாள். மாற்று டயரைத் தேடினோம் என்று எப்படிச் சொல்வது? வில்சன் சிறிதும் கலங்காமல் "உங்களைப் பார்த்ததில் சந்தோஷம்" என்றார். ஊரில் ஸ்டெப்னி என்று எல்லோரும் சொல்கிற சொல் இங்கே யாருக்கும் தெரியாது என்பதைக் காரில் ஏறிய பிறகுதான் அவருக்குச் சொன்னேன்.

அதற்கு முன்பே காரியம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. விற்பனையாளர், "இது வீட்டையே இழுக்கும். பதினெட்டாயிரம் பவுண்டு வரை" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது நான் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தேன். எந்த மருந்தானாலும் பாட்டிலின் சீட்டைப் படிக்காமல் கையில் எடுக்கமாட்டேன். அது பழக்கம். கதவுச் சட்டத்தில் ஒரு சின்ன மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. ஆட்களும் சாமானும் சேர்ந்து இந்த வண்டியின் மேல் ஏறக்கூடிய எடை 2,100 பவுண்டு என்று அதில் இருந்தது.

இழுப்பது வேறு, சுமப்பது வேறு. நான்கு மூட்டை சிமெண்ட் ஏற்றிய கைவண்டியை ஒரு ஆள் இழுத்துவிடலாம். அந்த நான்கையும் தோளில் ஏற்றினால் என்ன ஆகும்? எங்கள் டிரெய்லரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வண்டியின் முதுகில் வந்து உட்காரும் என்று எர்ல் சொல்லியிருந்தார். பையிலிருந்த காகிதத்தில் கணக்குப் போட்டேன். டிரெய்லர் மட்டும் 2,800. அதை மாட்டும் இரும்பு 150. முந்தின நாள் குளியலறைத் தராசில் நான்கு பேரையும் ஏற்றிப் பார்த்திருந்தேன் (வில்சன் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நின்றார், எடை மாறவில்லை). எல்லோரும் சேர்ந்து 485. மொத்தம் 3,435.

காகிதத்தை விற்பனையாளரிடம் காட்டினேன். அவர் முதல் முறையாக என்னைப் பார்த்துப் பேசினார். "மேடம், எல்லோரும் இப்படித்தான் இழுக்கிறார்கள். ஒன்றும் ஆகாது."

4

கடையின் வாகன நிறுத்தத்தில், எங்கள் பழைய காருக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சண்டை போட்டோம்.

"அந்த ஆளு முன்னால என்னக் கொறச்சுப்போட்டியே," என்றார் வில்சன். "பதினோரு வருசம் ஹெவி ஓட்டினவனாக்கும் நான். வண்டி தாங்குமா தாங்காதான்னு எனக்குத் தெரியாதா?"

"நிங்க ஓட்டினது தெரியும். அந்தச் சீட்டுல எழுதியிருக்கது என்ன?"

"அது கம்பெனிக்காரன் பயந்து எழுதுதது. அதுக்கும் மேல தாங்கும்."

"எவ்வளவு மேல? ஆயிரத்து முந்நூறு பவுண்டு மேலயா? உள்ள பிள்ளைகள் இருக்கும்போதா?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது எனக்கு அந்த மழைநாள் ஞாபகம் வந்தது.

நான் இரண்டாம் வருடம் படித்தபோது, பரீட்சை நாளன்று, கல்லூரியின் இரண்டு பஸ்களில் ஒன்று வழியில் நின்றுவிட்டது. செங்கல் விலக்கில் அந்த பஸ் பிள்ளைகளும் எங்கள் பஸ்ஸில் ஏறினார்கள். படியில் கூட நிற்க இடமில்லை. எல்லோரையும் ஏற்றி வா என்று கல்லூரி அலுவலகத்திலிருந்து போனில் உத்தரவு. டிரைவர் என்ஜினை நிறுத்தினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார்.

"ஆளு கூடுதலாக்கும். இருபது பேரு எறங்கணும். எறங்கினாத்தான் வண்டி எடுப்பேன். போயிட்டு உடனே திரும்பி வாறேன்."

கத்தினோம், கெஞ்சினோம். ஒரு பெண் அழுதாள். அவர் அசையவில்லை. கடைசியில் நின்றுகொண்டிருந்தவர்கள் இறங்கினோம். அதில் நானும் ஒருத்தி. மழையில் ஒரு பேக்கரி வாசலில் நின்று அந்த டிரைவரை எனக்குத் தெரிந்த இரண்டு மொழியிலும் திட்டினேன். அவர் சொன்னபடியே கல்லூரி இருந்த நெய்யாற்றின்கரை வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். பரீட்சை தொடங்கக் கால் மணி இருக்கும்போது எங்களைக் கொண்டு சேர்த்தார். மறுநாள்தான் நன்றி சொன்னேன். எங்கள் முதல் பேச்சு அதுதான்.

காருக்குள் அவரிடம் கேட்டேன்: "அண்ணைக்கு என்ன மழையில எறக்கிவிட்ட டிரைவர் எங்க போனாரு?"

வில்சன் என்னைப் பார்த்தார். பிறகு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"நீ அத இன்னும் மறக்கேல்ல."

"அதுக்காகத்தானே நிங்களக் கெட்டினேன்."

அவர் கார் கதவைத் திறந்து இறங்கினார். மறுபடி கடைக்குள் போனார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். "வேண்டாம்னு சொல்லியாச்சு. சுமக்காத வண்டிய வெச்சு நமக்கு என்ன காரியம்?" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார். அதற்குப் பிறகு நாங்கள் பார்த்த ஒவ்வொரு வண்டியிலும் முதலில் ஓடிப் போய்க் கதவைத் திறந்து சீட்டைப் படித்தது அவர்தான்.

5

மூன்று வாரம் அலைந்து கிடைத்தது, குதிரைகளை ஏற்றிப் போகும் ஒருவரிடமிருந்த, இங்கே பெயருக்கு 'ஒரு டன்' என்று சொல்லும் பெரிய வகை வண்டி. பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டாக நான்கு டயர். இடுப்பு பெருத்த பெண் போல பின்பக்கம் இரண்டு புறமும் வீங்கியிருந்தது. பழுப்பு நிறம், உள்ளே துணி இருக்கை, அதில் குதிரை வாசனை. கதவுச் சீட்டில் 5,200 பவுண்டு என்று இருந்தது. வில்சன் அதை மூன்று முறை வாசித்தார். ஜோஷ்னா வண்டியைப் பார்த்து "இதில் வந்தால் என்னைப் பள்ளிக்கு ஒரு தெரு தள்ளி இறக்கிவிடுங்கள்" என்றாள்.

கவலை தீர்ந்தது என்று நினைத்தபோது எர்ல் போனில் நிதானமாகக் கேட்டார்: "லைசென்ஸ் எடுத்துவிட்டீர்களா?"

வண்டியின் உச்ச எடையும் டிரெய்லரின் உச்ச எடையும் சேர்ந்து ஒரு வரம்பைத் தாண்டினால் இந்த மாநிலத்தில் தனி லைசென்ஸ் வேண்டும். எங்களுடையது தாண்டியது. எழுத்துத் தேர்வு, பிறகு டிரெய்லரை மாட்டி ஓட்டிக் காட்டும் தேர்வு. புதிய ஒப்பந்தம் தொடங்கச் சரியாகப் பன்னிரண்டு நாள் இருந்தது.

"நீயும் எழுது. சும்மா ஒரு கூட்டுக்கு," என்றார் வில்சன். எழுதினேன். அலுவலகத்தில் என் முறை வந்தபோது ஒரு பெண் "ஃப்னூ!" என்று கூப்பிட்டாள். யாரும் எழவில்லை. இன்னும் சத்தமாக "ஃப்னூ!" என்றாள். அது நான்தான். என் பாஸ்போர்ட்டில் பெயர் முழுவதும் ஒரே கட்டத்தில் இருக்கிறது. அதனால் இங்கே வந்த நாள் முதல் எல்லாக் காகிதத்திலும் முதல் பெயர் என்ற இடத்தில், முதல் பெயர் தெரியாது என்பதற்கான மூன்று ஆங்கில எழுத்து விழுந்துவிட்டது. ஒன்பது வருடமாக அரசாங்கத்துக்கு நான் ஃப்னூ. இது சீன தேசத்துப் பெயரா என்று அந்தப் பெண் ஆசையாகக் கேட்டாள். பாறசாலைப் பெயர் என்றேன்.

எர்ல் எங்கள் வண்டியிலேயே டிரெய்லரை மாட்டி, ஒரு தேவாலயத்தின் காலியான நிறுத்தத்துக்கு ஓட்டி வந்தார். ஒரு வாரம் தினமும் மாலை அங்கே பழகினோம். டிரெய்லரைப் பின்னால் தள்ளும்போது ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடது பக்கம் போகும். எனக்கு அது சிரமமாக இல்லை. நான் வண்டி ஓட்டப் பழகியதே இங்கே வந்துதான், மாற்றுவதற்குப் பழைய பழக்கம் ஒன்றும் கையில் இல்லை. வில்சனின் கை பதினோரு வருடம் பஸ்ஸைப் பின்னால் எடுத்த கை. அது யோசிக்கும் முன்பே திரும்பிவிடும்.

தேர்வு நாளன்று முதலில் அவர் போனார். சாலையில் ஓட்டியபோது ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்திருக்கிறார். ஊர்ப்பக்கம் கள்ளிக்காடு போகும் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிக்காமல் போனால் எதிரே வருகிறவன் தலையை நீட்டித் திட்டுவான். இங்கே ஹார்ன் அடித்தால் சண்டைக்கு அழைப்பதாக அர்த்தம். "யாரைப் பார்த்து அடிக்கிறீர்கள்?" என்று தேர்வாளர் கேட்டாராம். "இனி வரப் போகிறவரை," என்றாராம் இவர். பின்னால் தள்ளும்போது எல்லைக்கு வைத்திருந்த கூம்புகளில் மூன்று விழுந்தன. தோல்வி.

அடுத்து நான். இரண்டு முறை நிறுத்தி, முன்னால் எடுத்து, நேராக்கி, மெல்லத் தள்ளினேன். கூம்பு எதுவும் விழவில்லை. தேர்வாளர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் பிக்கப்பின் பின்னிருக்கையில் வில்சன் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே இருந்தார். எர்ல்தான் ஓட்டினார். என்னால் சந்தோஷப்படவும் முடியவில்லை, வருத்தப்படவும் முடியவில்லை. மறுதேர்வுக்குத் தேதி கிடைப்பதற்குள் ஒப்பந்தம் தொடங்கிவிடும். அவ்வளவு தூரமும் அந்த வீட்டை நான்தான் இழுக்க வேண்டும்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வில்சன் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: "நமக்க காலேஜ் பஸ்ஸில கிளி ஒருத்தன் உண்டும் பாத்தியா? கதவு பக்கம் நிப்பான், வண்டி திருப்பும்போது எறங்கி வழி சொல்லுவான்."

"உண்டும்."

"அவன் இல்லாம எனக்கு ஒரு நாளும் பஸ்ஸத் திருப்பத் தெரியாது." தட்டைத் துடைத்து அடுக்கினார். "நீ ஓட்டு பிள்ளே. நான் கிளி."

6

இரண்டு நாள் பயணம். வண்டியும் வீடும் சேர்ந்து ஐம்பத்தைந்து அடிக்கு மேல். முதல் மணி நேரம் நான் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்ததில் விரல்கள் வெளுத்துவிட்டன. வில்சன் பக்கத்தில் உட்கார்ந்து வலதுபுறக் கண்ணாடியைப் பார்த்து "ரைட் கிளியர், ரைட் கிளியர்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

முதல் பெட்ரோல் பங்கில் மாட்டிக்கொண்டோம். உள்ளே போவது எளிதாக இருந்தது. வெளியே வர வழியில்லை. முன்னால் சுவர், பின்னால் வரிசையாகக் கார்கள். வில்சன் இறங்கி ஒவ்வொரு காராகப் போய்க் கும்பிட்டுப் பின்னால் போகச் சொன்னார். அரை மணி நேரம். ஒருவர் ஹார்ன் அடித்தார். "எதிரே வளைவு உண்டோ?" என்று கேட்டுவிட்டு வில்சன் அவரையும் கும்பிட்டார்.

மறுபடி சாலைக்கு வந்ததும் பின்னாலிருந்து ஜோஷ்னாவின் குரல் வந்தது. ஹெட்போன் கழுத்தில் கிடந்தது.

"அம்மா, அடுத்த தடவை நீங்களே எதையும் முடிவு பண்ணாதீங்க. மேலேயிருந்து எடுத்த படம் போனிலே இருக்கு. லாரி திரும்புகிற இடமா இல்லையான்னு பார்த்தால் தெரியும். நான் பார்த்துச் சொல்றேன். அங்கே மட்டும் போங்க."

அவள் இவ்வளவு நீளமாகத் தமிழில் பேசி வெகு நாளாகியிருந்தது. நான் சரி என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு அவள் சொன்ன இடத்தில்தான் டீசல் போட்டோம், அவள் சொன்ன இடத்தில்தான் சாப்பிட்டோம். ஓரிடத்தில் பாலம் தாழ்வாக இருக்கிறது என்று நான்கு மைலுக்கு முன்பே வேறு பாதையில் திருப்பிவிட்டாள். அபின் ஒவ்வொரு மைல் கல்லையும் உரக்க வாசித்தான்.

இரண்டாம் நாள் மாலை நாலு மணிக்கு டிரெய்லர் வீடுகள் நிறுத்தும் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இரண்டு மரங்களுக்கு நடுவே எங்கள் இடம். பின்னால் தள்ளித்தான் நுழைக்க வேண்டும். சுற்றியிருந்தவர்கள் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். புதிதாக வருகிறவர் பின்னால் தள்ளுவதைப் பார்ப்பது இங்கே ஒரு பொழுதுபோக்கு.

வில்சன் இறங்கிப் பின்னால் போனார். டிரெய்லரின் பக்கத்தை உள்ளங்கையால் தட்டினார். அதன் பிறகு வந்தது செங்கல், பாறசாலை, நெய்யாற்றின்கரை மூன்றும் கேட்டுப் பழகிய குரல்.

"போட்டே... போட்டே... ஒடிச்சோ! இன்னும் ஒடிச்சோ! நேரே... பைய... போட்டே..."

போகட்டும் என்றும், திருப்பு என்றும் அர்த்தம் சொல்ல அங்கே எனக்கு யாரும் தேவையில்லை. அந்தக் குரல் சொன்னபடி கை தானாகத் திரும்பியது. ஒரு மரக்கிளை கூட உரசவில்லை. டிரெய்லரில் உள்ளங்கை இரண்டு முறை தட்டியது. நிறுத்தினேன். நாற்காலிக்காரர்கள் கை தட்டினார்கள். மறுநாள் முதல் அந்த மைதானத்தில் யார் வண்டி நுழைந்தாலும் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா பின்னால் நின்று "போட்டே, போட்டே" என்று கத்தினார். திருப்ப வேண்டிய இடத்திலும் அதையேதான் கத்தினார்.

7

அந்தக் கோடையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்களில் நான் இருந்தேன். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் வீட்டுக் கதவு ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நிமிடத்தில் இருந்தது. அபின் என்னிடம் மரியாதையை விட்டுவிட்டான். சாக்ஸ் எங்கே என்று கத்தினான், தோசை கருகிவிட்டது என்று முகம் சுளித்தான். வில்சன் மைதானத்தில் புல் வெட்டும் வேலையைப் பிடித்துக்கொண்டார். புல் வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் தள்ளுவண்டியை மாட்டிப் பின்னால் தள்ளித் தள்ளிப் பழகினார். ஜூலை முடியும்போது மறுதேர்வுக்குப் போய், ஒரு ஹார்னும் அடிக்காமல் தேறி வந்தார். அண்ணனுக்கு முதலில் போன் செய்தார். "இனி நீ டிராக்டரும் ஓட்டலாம் மக்கா," என்றார் அண்ணன்.

கடைசி வாரம், மடக்கு மேசையைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்தோம். அடுத்த ஒப்பந்தம் வடக்கே ஒரு மலை ஊரில். பிள்ளைகள் இணையவழிப் பள்ளியில் சேரலாம். அல்லது எல்லோரும் பழைய ஊருக்குத் திரும்பலாம், நான் மட்டும் தனியாகப் போகலாம். ஆளுக்கு ஒரு வாக்கு என்று வில்சன் சொன்னார். அபின் இரண்டு கையையும் தூக்கினான்.

ஜோஷ்னா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலண்டரில் அவள் குறித்த தேதிக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. நான் எதையும் கேட்கக் கூடாது என்று முன்பே தீர்மானித்திருந்தேன்.

"என் சிநேகிதிகளைப் பார்க்க கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் விடணும்," என்றாள்.

"விடலாம்," என்றார் வில்சன்.

"என் கட்டிலுக்குத் திரை வேணும். அபின் எட்டிப் பார்க்கக் கூடாது."

"போடலாம்."

"மலையிலே மூணு இடத்திலே இறக்கம் அதிகம். இந்தப் பாதை வேண்டாம். சுத்திப் போகணும். நாற்பது மைல் கூடுதல், ஆனா பரவாயில்லை." போனை எங்கள் பக்கம் திருப்பினாள். நீலக் கோடு ஒன்று வளைந்து வளைந்து வடக்கே போனது. அவள் அதை ஏற்கெனவே போட்டு முடித்து வைத்திருந்தாள். எந்த நாள் போட்டாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

புறப்பட்ட அன்று காலை வில்சன் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். ஜோஷ்னா அவர் பக்கத்தில் முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அபினோடு பின்னால். கண்ணாடியைப் பார்த்து அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும் என்று நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள்தான் கடைசி ஷிப்ட் முடிந்திருந்தது. எப்போது கண் மூடினேன் என்று தெரியாது.

விழித்தபோது வண்டி நின்றிருந்தது. என் மேல் யாரோ போர்வையைப் போட்டிருந்தார்கள். மூன்று பேரையும் காணோம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மலைச் சரிவில் ஒரு கல் மேடை, அதன் மேல் மூவரும் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்குச் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். என்னை எழுப்பிவிடக் கூடாது என்று ஏதோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அபின் சத்தமாகச் சிரித்தபோது ஜோஷ்னா அவன் வாயைப் பொத்தினாள்.

கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கினேன். சிப்ஸ் தீர்ந்துவிடும் போலிருந்தது.